காதால் கேட்டது

மீன்கொத்தி மூன்றாவது தடவையும் கத்திவிட்டது, இவர் இன்னும் பெயரைச் சொல்லவில்லை. நோட்டு என் மடியில் விரித்தபடி இருக்கிறது, பென்சில் கையில் இருக்கிறது, ஆனால் இவர் சொல்லாமல் நான் எழுதுவது கிடையாது. கல்யாணமான மறு வருஷத்திலிருந்து இதுதான் நடைமுறை, இவர் பார்ப்பார், கேட்பார், பெயரைச் சொல்வார், நான் எழுதுவேன். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு, கோட்டுக்கு இடது பக்கம் கண்ணால் பார்த்தது, வலது பக்கம் காதால் கேட்டது. மற்றவர்கள் நோட்டில் இடது பக்கம்தான் நிரம்பும். இவர் நோட்டில் வலது பக்கம் நிரம்பி அடுத்த தாளுக்குப் போகும். அதுதான் இவருக்குப் பெருமை, பறவைக்காரர்கள் கூடுகிற இடத்தில் 'திருஞானம் சார் கண்ணை மூடிக்கிட்டே நாற்பது பறவை பேர் சொல்லுவார்' என்று பேசிக்கொள்வார்கள், இவர் காதில் விழாத மாதிரி சட்டைப் பையில் எதையோ தேடுவார். அந்த மனுஷருக்கு முதுகுக்குப் பின்னால் இருபதடியில், உப்பளத்து வாய்க்கால் கம்பத்தில் உட்கார்ந்து கத்துகிற சிறு மீன்கொத்தி காதில் விழவில்லையாம். மெல்லிய குரல்தான், ஊசி மாதிரி நீளமாக வரும், ஆனால் அடையாளம் தெரியாத குரல் இல்லை, எனக்கே தெரிகிறது. எனக்குத் தெரியும் என்பது இவருக்குத் தெரியாது. எழுதுகிறவளுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. சரி, எனக்கென்ன, நான்காவது தடவையும் கத்தட்டும், எனக்கு இன்றைக்கு வேறு வேலை இருக்கிறது. பலகாரம் சாப்பிட்டு முடித்ததும் சொல்லிவிட வேண்டும். புதன்கிழமை கோயம்புத்தூர் போகிறேன், மகள் அபிராமியோடு இருந்துகொள்கிறேன், திரும்பி வருவதாக இல்லை. மூன்றே வாக்கியம்தான். இரண்டு நாளாக வாய்வரை வந்து வந்து போகிறது.

இந்த வீட்டில் வைத்துச் சொல்ல வேண்டும் என்று நான்தான் முடிவு பண்ணினேன். மாயவரத்தில் எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் போல ஒரு கூச்சம், இங்கே யாருக்கும் நாங்கள் யாரென்று தெரியாது. கோடியக்கரைக்குப் போகிற சாலையில், கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில், ஜெனோவா என்கிற பெண் தன் வீட்டு மாடியில் இரண்டு அறை கட்டி ஹோம்ஸ்டே என்று பலகை மாட்டியிருக்கிறாள். புருஷன் படகில் போகிறவர். அறையில் திரைச்சீலை முழுக்க டால்பின் குதிக்கிறது, கட்டிலுக்கு மேல் வேளாங்கண்ணி மாதா, குளியலறைக் குழாயைத் திறந்தால் முதலில் காற்று, அப்புறம் உப்புத்தண்ணீர். நன்றாகத்தான் இருக்கிறது. மொட்டை மாடியில் நின்றால் தண்ணீர் வற்றிய சேற்றுவெளி கண்ணுக்கு எட்டியவரை தெரியும், அதன் கடைசியில் பூநாரைகள், யாரோ வெளிர் ரோஜா நிறத்தில் கோடு போட்டு விட்டுப் போனது போல. நேற்று அதைப் பார்த்தபோது மனசு ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்து வாயைப் பிளந்தது, அப்புறம் வெட்கமாகப் போய்விட்டது, புருஷனை விட்டுப் போகத் தீர்மானித்தவள் பூநாரையைப் பார்த்துச் சிரிப்பாளா. பைக்குள் இருக்கிறது டிக்கெட். ஒரே ஒரு டிக்கெட். தினம் ராத்திரி படுக்கும் முன்னால் பையைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்க்கிறேன், எங்கே போய்விடும். அறுபது வயதில் மகள் வீட்டில் போய் உட்கார்ந்தால் மாப்பிள்ளை என்ன நினைப்பார், அடுப்படி யாருடையது, என் தைராய்டு மாத்திரையை எந்த அலமாரியில் வைப்பது, ஒரு நாள் அபிராமி 'அம்மா எப்ப ஊருக்கு?' என்று சாதாரணமாகக் கேட்டால் என்ன பதில் சொல்வது. இதையெல்லாம் நினைத்தால் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம் போல வருகிறது. அதற்காக இருக்க முடியுமா. இன்றைக்கு இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் சொல்ல மாட்டேன் என்றுதான் நாற்காலியை வழக்கம்போலப் பக்கத்தில் போடாமல் பின்னால் போட்டேன். இவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். 'இங்க போட்டுக்கயேன் மங்கை' என்றார். 'இங்கயே இருக்கேன்' என்றேன். பதில் இல்லை. பதில் எப்போது இருந்தது.

பதில் இல்லாமல் போனது இரண்டு வருஷமாக. முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை, ரிடையர் ஆன மனுஷர், யோசனையில் இருப்பார் என்று விட்டேன். குக்கர் மூன்று விசில் வந்தால் அணைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனால் பருப்பு அடிப்பிடித்து வீடே நாறும், இவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். வெந்நீர் போட்டாயிற்று என்றால் வரமாட்டார். பேத்தி போனில் 'தாத்தா தாத்தா' என்று கத்தினால் இரண்டு நிமிஷத்தில் 'நீயே பேசு' என்று என் கையில் திணித்துவிடுவார், குழந்தையிடம் கூடவா ஒரு மனுஷர் இப்படி இருப்பார். ஆனால் எதிர்வீட்டு ராமலிங்கம் வாசலில் நின்று அவருடைய கட்டைக் குரலில் 'சார்' என்று ஒரு தரம் சொன்னால் போதும், கொல்லையில் இருந்தாலும் 'இதோ வந்துட்டேன்' என்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஊருக்கெல்லாம் பதில் உண்டு, எனக்கு மட்டும் கிடையாது. நான் யார், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷம் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஊர்ப்பட்ட பேருக்கு லைன் கொடுத்தவள், என் குரலைக் கேட்டு 'மேடம், நீங்க இருக்கிற ஷிப்டில்தான் பேசவே பிடிக்குது' என்று திருவாரூர் அரிசி மண்டிக்காரர் சொல்லியிருக்கிறார், அந்தக் குரல் சொந்த வீட்டில் செல்லாக்காசு. அப்புறம் சித்திரையில் அந்த வெள்ளிக்கிழமை. அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன், இடது பக்கம் மார்பில் ஏதோ இறுக்கிப் பிடித்தது, தோள் வரைக்கும் போனது, வேர்த்துக் கொட்டியது. 'என்னங்க, எனக்கு ஒரு மாதிரி இருக்கு, வந்து பாருங்க' என்றேன். மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூடத்தில் பேப்பர் திருப்புகிற சத்தம் கேட்டது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி பேப்பர். ஒரு ஆள் கூப்பிட்டால் வராத வீட்டில் சாவது எவ்வளவு சுலபம் என்று அந்த நிமிஷம் நினைத்தேன், அந்த நினைப்புக்குத்தான் பயந்தேன், வலிக்கு இல்லை. வாயுத் தொல்லை என்று டாக்டர் சொன்னார், மறுநாள் நானே தனியாகப் போய்க் காட்டினேன், இவரிடம் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. என்ன கேட்பது. கேட்டால் 'ஆமாம், கேட்டது, வரவில்லை' என்று சொல்லிவிட்டால்.

புப்... புப்... புப் என்று சவுக்குத் தோப்பிலிருந்து வருகிறது. 'செம்போத்து. காது' என்கிறார் உடனே, திரும்பாமல். எழுதுகிறேன். புறா. 'புள்ளிப்புறா, காது.' எழுதுகிறேன். மீன்கொத்தி ஐந்தாவது தடவை. பெயர் வரவில்லை. எனக்கு என்னவோ போல ஆகிறது, கோபமில்லை, கோபத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வேறு ஒன்று, எக்ஸ்சேஞ்சில் கோளாறு என்று புகார் வந்தால் எனக்கு வருகிற அந்தக் குறுகுறுப்பு. மற்ற பெண்கள் லைன்மேனுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள், நான் மட்டும் விடமாட்டேன், கோளாறு இந்த முனையிலா அந்த முனையிலா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. இங்கிருந்து பேசிப் பார்ப்பேன், அங்கிருந்து பேசச் சொல்வேன். நோட்டின் கடைசித் தாளைத் திருப்பி, முப்பத்துநாலு வருஷத்தில் முதல் தடவையாக, இவர் சொல்லாததை எழுதுகிறேன். மீன்கொத்தி. அப்புறம் முருங்கையில் தேன்சிட்டு, மெல்லிசாக, விடாமல், இவர் சொல்லவில்லை, எழுதுகிறேன். சேற்றில் கொசு உள்ளான் கூட்டம் எழும்பித் தாழ்கிறது, கிரிச் கிரிச் என்று ஒரே சத்தம், இவர் பூநாரைப் பக்கம் பைனாகுலர் வைத்திருக்கிறார், சொல்லவில்லை, எழுதுகிறேன். இன்னும் மூன்று சின்னக் குருவி, சொல்லவில்லை, எழுதுகிறேன். காக்கை, சொல்கிறார். ஆள்காட்டி கூச்சல் போடுகிறது, அதைச் செவிடனும் சொல்வான், சொல்கிறார். செவிடன் என்ற வார்த்தை மனசுக்குள் வந்ததும் நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். அது போகவில்லை. கடைசித் தாளில் ஆறு பெயர் இருக்கிறது, ஆறும் மெல்லிய குரல். முன் தாளில் இருப்பதெல்லாம் கட்டைக் குரல். ஆனால் இது எப்படி, முந்தாநாள் இதே மாடியில் இதே தேன்சிட்டை இவர் காதால்தானே சொன்னார், நான்தானே எழுதினேன், நேற்று உள்ளானை, நேற்று சாயங்காலம் மீன்கொத்தியைக் கூட. ஒரே ராத்திரியில் காது போகுமா. அப்படியென்றால் காதில் கோளாறு இல்லை, இன்றைக்கு ஏதோ வேறு. இன்றைக்கு என்ன வேறு.

ஜெனோவா மாடிப்படி ஏறி வருகிறாள், ஒரு கையில் டீ பிளாஸ்க், இன்னொரு கையில் மூடி போட்ட தட்டு, இடியாப்ப வாசனை. இவருக்குப் பின்னால் நின்று, 'சார், தேங்காப்பாலா, மீன் குழம்பா?' என்கிறாள். இவர் பைனாகுலரை இறக்கவில்லை. 'சார்' என்கிறாள் மறுபடி. கீச்சுக்குரல் அவளுக்கு, நல்ல பெண், குரல் மட்டும் அப்படி. என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறாள். குனிந்து ரகசியமாக, 'எங்க மேல சாருக்குக் கோவமாக்கா?' என்கிறாள். 'ஏம்மா?' 'நேத்துலேர்ந்து பாக்குறேன், நான் கேட்டா ஒரு வார்த்த பதில் இல்ல. எங்க வீட்டுக்காரரு வலைய பத்தி கேட்டா மட்டும் மணிக்கணக்கா பேசுறாரு. ரூம்ல எதுவும் கொறையா இருந்தா சொல்லுங்கக்கா, நீங்க போயி நெட்ல எழுதிட்டீங்கன்னா எங்களுக்குத்தான் கஷ்டம்.' நான் அவளையே பார்க்கிறேன். இந்தப் பெண்ணுக்கும் பதில் இல்லை. இவளைப் பிடிக்காமல் போக இவருக்கு என்ன இருக்கிறது, முப்பத்தைந்து வருஷம் இவள் சமைத்ததைச் சாப்பிட்டு அலுத்துப் போனாரா, இவளோடு சண்டை போட்டாரா, மூன்று நாள் முன்னால்தான் முகத்தையே பார்த்தார். எனக்கு மட்டும் இல்லை. எனக்கு மட்டும் இல்லை என்று உள்ளே ஏதோ எழுந்து நின்று குதிக்கிறது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு சந்தோஷம். 'கோவமெல்லாம் இல்ல ஜெனோவா. குழம்பே ஊத்து' என்கிறேன். அவள் நிம்மதியாகச் சிரித்துவிட்டு, 'ஏங்க்கா வெயில்ல ஒக்காந்திருக்கீங்க, மூஞ்செல்லாம் செவந்துபோச்சு, இப்படி நெழலுக்கு வாங்க' என்று என் நாற்காலியைத் தூக்கி இவருக்குப் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டி நிழலில் போட்டுவிட்டு இறங்கிப் போகிறாள்.

பக்கத்தில் உட்கார்கிறேன். இவர் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார், முகம் தெளிந்த மாதிரி இருக்கிறது. தேன்சிட்டு முருங்கையில் ஆரம்பிக்கிறது. நான் அந்தப் பக்கம் பார்க்கிறேன். 'தேன்சிட்டு. காது' என்கிறார். என் பென்சில் அந்தரத்தில் நிற்கிறது. உள்ளான்கள் எழும்பித் தென்னைக்குப் பின்னால் போகின்றன, சத்தம் மட்டும் வருகிறது, எனக்கு அந்தச் சத்தம் கேட்டால் கல்யாண வீட்டில் பெண்கள் ஒரே நேரத்தில் பேசுவது போல இருக்கும், சிரிப்பு வந்துவிடும், சிரிக்கிறேன். 'கொசு உள்ளான்' என்கிறார். நான் பின்னால் இருந்தபோது ஒன்றும் தெரியாதவர் நான் பக்கத்தில் வந்ததும் எல்லாம் சொல்கிறார். நான் ஓரக்கண்ணால் பார்க்கிறேன். பைனாகுலர் மார்பில் தொங்குகிறது. இவர் சேற்றைப் பார்க்கவில்லை, முருங்கையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏதோ படிக்கிற மாதிரி, இமைக்காமல், என் கண் போகிற திசையை, என் வாயோரத்தை. முந்தாநாளும் இப்படித்தான் பார்த்தார், முகத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று நான் துடைத்துக்கொண்டேன். போன மாசம் குளக்கரையில், அதற்கு முன்னால் வடுவூரில், எப்போது திரும்பினாலும் இவர் கண் என் மேல் இருந்தது, வயதான காலத்தில் இதென்ன முறைப்பு என்று நான் எரிச்சல்பட்டேன். அப்படியானால் இரண்டு வருஷமாக வலது பக்கம் நிரம்பியதெல்லாம் என் காதா. சட்டைப் பையைத் தேடுகிற பெருமை என்னுடையதா. சித்திரை வெள்ளிக்கிழமை அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது, என் முகம் இவருக்குத் தெரியவில்லை. எட்டு மாசம் நான் வளர்த்த கோபத்துக்குக் காலடியில் தரையே இல்லை போல ஒரு தள்ளாட்டம், உடனே பின்னாலேயே இன்னொரு கோபம் வருகிறது, அப்படியென்றால் இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை, நான் என்ன ஊராளா. இல்லை, அவசரப்படக்கூடாது. இன்னும் ஒரு தரம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கீழே கிணற்றுப் பக்கம் ஒரு சீமைக்கருவேலம் புதர், காய்ந்து நிற்கிறது, காலையிலிருந்து அதில் ஒரு ஈ கூட உட்காரவில்லை. மெதுவாகத் தலையை அந்தப் பக்கம் திருப்புகிறேன். காது கொடுக்கிறவள் போல லேசாகச் சாய்க்கிறேன். எது வந்தால் எனக்கு நல்லது என்று எனக்கே தெரியவில்லை, இவர் பேசாமல் இருந்தால் காது நன்றாக இருக்கிறது, அப்போது நான் புதன்கிழமை போகலாம், பேசினால் போக முடியாது. காற்று இல்லை. புதரில் ஒன்றும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று.

'தையல்சிட்டு' என்கிறார் இவர். 'காதுல எழுது.'

நான் எழுதவில்லை. நோட்டை மூடிக் கீழே வைக்கிறேன், நாற்காலியைச் சுற்றித் திருப்பி இவருக்கு எதிரில் முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி போட்டு உட்காருகிறேன். இப்படி உட்கார்ந்து எத்தனை வருஷம். 'அங்க எதுவும் கத்தல' என்கிறேன், சத்தமாக இல்லை, மெதுவாக, வார்த்தை வார்த்தையாக. இவர் கண் என் உதட்டிலேயே இருக்கிறது. முகத்தில் ரத்தம் ஏறுகிறது, திருடும்போது பிடிபட்ட குழந்தை முகம், எனக்குத் தாங்கவில்லை, ஆனாலும் விடவில்லை. 'எவ்வளவு நாளா?' பைனாகுலர் வாரைக் கழுத்திலிருந்து கழற்றுகிறார், மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்க்கிறார், நான் இவர் முகவாயைப் பிடித்து நிமிர்த்துகிறேன், பார்த்தால்தானே கேட்கும். 'ரெண்டு வருஷம் இருக்கும்' என்கிறார். 'மொதல்ல எனக்கே தெரியல மங்கை. நம்ம ஊர்ல சின்னக் குருவியெல்லாம் கொறைஞ்சு போச்சுன்னுதான் நெனச்சேன். தேன்சிட்டு இல்ல, தகைவிலான் இல்ல, ஒண்ணொண்ணா இல்லாமப் போகுது. அழிஞ்சுட்டு வருதுன்னு நம்ம சங்கப் பத்திரிகைக்குக் கட்டுரையே எழுதி அனுப்பினேன். போட்டுட்டாங்க. அப்புறம் ஒரு நாள் நம்ம வீட்டு முருங்கையில பாக்குறேன், தேன்சிட்டு வாயத் தெறந்து தெறந்து மூடுது, சத்தமே வரல. அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.' சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது, இரண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. ஊரில் இருக்கிற குருவியையெல்லாம் அழித்துப் பத்திரிகையில் போட்ட மனுஷர். 'எங்கிட்ட சொல்றதுக்கென்ன?' 'என்னன்னு சொல்றது. காது போன பறவைக்காரன்னா? எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதானே.' 'அப்ப நான்?' என்கிறேன். 'நான் கூப்பிடுறது, பேசுறது?'

'உன்னையும் அப்படித்தான் நெனச்சேன்' என்கிறார் இவர். 'என்னன்னு?' 'நீயும் கொறைஞ்சுட்டேன்னு. நாளாக நாளாக வாய்க்குள்ளயே பேச ஆரம்பிச்ச, அப்புறம் அதுவும் இல்ல. ரிடையர் ஆகி வீட்டுல ஒக்காந்த மனுஷன்கிட்ட இவளுக்குப் பேச என்ன இருக்கு, அலுத்துப் போயிருக்கும்னு விட்டுட்டேன். காதுன்னு தெரிஞ்சப்புறமும், அது குருவிக்குத்தான், இது வேறன்னே நெனச்சேன். குருவி எங்கயும் போகலன்னு எனக்குத் தெரியும். உன்னப் பத்தித் தெரியல.'

அப்படியென்றால் இரண்டு வருஷமாக இவரும் எங்கள் வீட்டில் தனியாகத்தான் இருந்திருக்கிறார். நான் கூடத்துக்கு வந்து நின்று பேசியிருந்தால் ஒரு நிமிஷ வேலை, அடுப்படியிலிருந்தே கூப்பிட்டு அடுப்படியிலேயே கோபித்துக்கொண்டேன். சொல்லிவிடுகிறேன், மறைப்பதில் இனி அர்த்தமில்லை, 'புதன்கிழமை கோயம்புத்தூருக்கு டிக்கெட் எடுத்திருக்கேன், எனக்கு மட்டும்' என்கிறேன். இவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதை நான் பார்க்கிறேன், கடைசி வார்த்தை போய்ச் சேர்வதைப் பார்க்கிறேன். 'எத்தனை நாளைக்கு?' 'வர்றதா இல்ல.' இவர் கை என் முழங்கால்மேல் வந்து நிற்கிறது, அழுத்தவில்லை, பிடிக்கவில்லை, அங்கே இருக்கிறது. போகாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூட எனக்கு இவ்வளவு ஆகியிருக்காது, இவர் கேட்டது வேறு.

'நான் கேக்காம இன்னும் என்னல்லாம் சொன்ன?'

'நெறைய' என்கிறேன். பன்னிரண்டரைக்கு மாயவரம் பஸ், இப்போது மணி எட்டு, அதற்குள் முடியாது என்று தெரிகிறது. தொண்டையைச் சரிபண்ணிக்கொள்கிறேன், வெளிச்சம் என் முகத்தில் விழுகிற மாதிரி நாற்காலியை இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.